பரணில் கிடைத்த பழைய பூல் க்யூ: பாலிஷ் போடும் முன் பார்க்க வேண்டியவை

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய பெரியவாப்பா வைத்திருந்த இரண்டு துண்டு பூல் க்யூ (பில்லியர்ட்ஸ் போன்ற மேசை ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கம்பு) ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. நடுவில் ஸ்டீல் ஜாயிண்ட், பிடியில் வெள்ளை நூல் சுற்று, பிடிக்கு மேலே அலங்காரமாக நான்கு கூர்முனைகள், முனைகளைச் சுற்றி வண்ணக் கோடுகள். பெரிய புரோ பிளேயர் ஒருவர் கொடுத்தது என்று வீட்டில் பேச்சு. கிளப்பில் பார்த்த ஒருவர் "இது பலபுஷ்கா மாதிரி இருக்கே" என்று, பெயர்பெற்ற அமெரிக்க க்யூ கைவினைஞர் ஒருவரின் பெயரைச் சொல்லிவிட்டார். ஷாஃப்ட் (முன் துண்டு) லேசாக வளைந்திருக்கிறது, வார்னிஷ் மங்கியிருக்கிறது. பாலிஷ் போட்டு, டிப் (பந்தைத் தொடும் நுனித் தோல்) மாற்றி ஆடலாமா, விற்கலாமா, விற்றால் என்ன வரும் என்பது கேள்வி.

முதலில் ஒன்று. மரக்கடையில் கொடுத்து பாலிஷ் போட்டுவிடாதீர்கள். பழைய க்யூவுக்குப் பணம் தருபவர் அதன் முதல் வார்னிஷுக்கும், முதல் நூல் சுற்றுக்கும், கூடவே வந்த முதல் ஷாஃப்டுக்கும் சேர்த்துத்தான் தருகிறார். மெலமைன் பாலிஷ் போட வேண்டுமென்றால் தச்சர் முதலில் உப்புத்தாள் தேய்ப்பார். அதில் வார்னிஷ் போகும். அதன் கீழே கையெழுத்தோ முத்திரையோ இருந்தால் அதுவும் போகும். வண்ணக் கோடுகளாகத் தெரியும் வெனீர்களின் (மெல்லிய மரத் தாள்களின்) ஓரம் மழுங்கும். ஜாயிண்ட் ஸ்டீலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு படி விழும். இவற்றில் எதையும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மங்கல், சிறு கீறல், நூலில் கைக்கறை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த அவசரம் கடற்காற்று. க்யூ யாருடையது என்று ஆராய மாதங்கள் ஆகலாம். அதற்குள் பரணிலேயே கிடந்தால் வளைவு கூடிவிடும்.

பூல் ஷாஃப்ட் மேப்பிள் மரம். ஏசி ஓடும் அறையில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருக்கும்போது, அந்த மரத்துக்குள் ஏறக்குறைய 9 சதவீதம் தண்ணீர் நிற்கும். வாடைக்காற்று அடிக்கும் ஐப்பசி, கார்த்திகையில் நம் கரையில் ஈரப்பதம் 80-ஐத் தொட்டால் மரத்தின் ஈரம் 15, 16 சதவீதத்துக்கு ஏறும். 13 மி.மீ. கனமுள்ள ஷாஃப்ட் இந்த ஏற்றத்தில் ஒரு திசையில் சுமார் 0.3 மி.மீ. பருக்கும், அதற்குக் குறுக்குத் திசையில் அதில் பாதிதான் பருக்கும். அதாவது உருளை முட்டை வடிவமாகிறது. டிஜிட்டல் காலிப்பரை ஒரே இடத்தில் வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஸ்டீல் ஜாயிண்டும் வளையங்களும் இப்படிப் பருப்பதில்லை. அதனால்தான் மழைக்காலத்தில் ஜாயிண்டின் ஓரத்தில் விரலை ஓட்டினால் மேடு தட்டும், வார்னிஷில் மயிரிழை விரிசல் விழும். இழை நேராக ஓடாத இடத்தில் ஒரு பக்கம் கூடுதலாக நீளும். வளைவு அங்கே தொடங்கும்.

பாதுகாக்கும் முறை எளிதுதான். க்யூவைக் கழற்றி, இரண்டு துண்டையும் தனித்தனியாகப் பழைய பருத்தி வேட்டித் துணியில் சுற்றுங்கள். கருவாடு பேக் செய்யும் கடைகளில் தடித்த பாலிதீன் குழாய் உறை மீட்டர் கணக்கில் கிடைக்கும். புது உறையாக வாங்கி, உள்ளே துணி சுற்றிய துண்டையும், தனித் துணிப் பையில் சிலிக்கா ஜெல்லையும், சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்றையும் வைத்து, இரண்டு முனையையும் சீலிங் மெஷினில் ஒட்டிக்கொள்ளலாம். முழு க்யூ அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். மரத்தின் ஈரம் 15-லிருந்து 10-க்கு இறங்க 25 கிராம் அளவுக்குத் தண்ணீர் வெளியேற வேண்டும். அதை உறிஞ்ச இரண்டு உறைக்கும் சேர்த்து 100 கிராம் சிலிக்கா ஜெல் போதும். ஆனால் ஒரே நாளில் 100 கிராமையும் போடாதீர்கள். வேகமாகக் காய்ந்தால் கூர்முனைகளின் பசை இணைப்பு விட்டுவிடும். முதலில் 50 கிராம், இரண்டு வாரம் கழித்து மீதி 50. மானி 50-க்கும் 55-க்கும் நடுவில் நின்றால் போதும், 40-க்குக் கீழே போக விடவே கூடாது. ஆரஞ்சு நிற ஜெல் நிறம் மாறியதும் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி வேலை செய்யும்.

ராத்திரி மட்டும் ஏசி போடும் படுக்கையறையில் திறந்து வைப்பது நல்லதல்ல. தினமும் ஒரு முறை காய்ந்து ஒரு முறை ஊறும். அந்த ஏற்ற இறக்கம்தான் மரத்தைக் கெடுப்பது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள பரண், வெளிச்சுவரை ஒட்டிய பீரோ இரண்டும் வேண்டாம். சுவரில் சாய்த்து நிறுத்தினால் அதன் எடையே அதை வளைக்கும், படுக்கவையுங்கள். பாச்சை உருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக் பாகங்களையும் வார்னிஷையும் இளக்கும். தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது மரத்தின் வெட்டு முனை வழியாக உள்ளே இறங்கிக் கறையாகத் தங்கிவிடும், பின்னாளில் டிப் பசையும் ஒட்டாது. ஸ்டீல் ஜாயிண்டில் உப்புப் பூத்துப் புள்ளி விழுந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்தி, மெழுகு ஒரு பூச்சு. அவ்வளவுதான்.

இனி அது யார் செய்தது என்ற கேள்வி.

ஜார்ஜ் பலபுஷ்கா ரஷ்யாவில் பிறந்து 1924-ல் அமெரிக்கா போனவர். நியூயார்க்கின் புரூக்ளினில் 1959 முதல் க்யூ செய்தார், 1975-ல் இறந்தார். பதினாறு ஆண்டு வேலை. அவர் கையால் செய்தவை ஆயிரத்தைச் சற்றுத் தாண்டும் என்றுதான் மதிப்பிடுகிறார்கள். கூர்முனை போட்ட அடித்தண்டை அவர் முழுக்கத் தானே செய்யவில்லை. தொடக்கத்தில் பிரன்ஸ்விக் கம்பெனியின் டைட்லிஸ்ட் க்யூக்களை வாங்கி அதிலிருந்து செய்தார். பிறகு பர்ட்டன் ஸ்பெயினிடமும், அதன் பிறகு கஸ் சாம்போட்டியிடமும் வாங்கினார். பலபுஷ்காவின் கை ஜாயிண்டிலும், சமநிலையிலும், நூல் சுற்றிலும், முடிப்பிலும் இருக்கிறது. அவருக்கு முந்தைய தலைமுறையில் சிகாகோவின் ஹெர்மன் ராம்போ. வில்லி ஹோப், வில்லி மாஸ்கோனி போன்ற பெரிய வீரர்கள் அவர் செய்த க்யூக்களால் ஆடினார்கள். மாஸ்கோனி 1954-ல் ஒஹாயோவில் ஒரே முறையில், இடையில் தவறவிடாமல், 526 பந்து போட்டவர்.

பலபுஷ்கா பெயர் உலகம் முழுக்கப் பரவியது 1986-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தால். அதில் பலபுஷ்கா என்று காட்டப்பட்டது உண்மையில் ஜாஸ் கம்பெனியின் க்யூ. அதே தோற்றத்தில் பிறகு ஆயிரக்கணக்கில் வந்தன. ஜப்பானின் ஆடம் கம்பெனி உரிமம் பெற்றே பலபுஷ்கா பெயரில் க்யூ விற்றது. அவை நல்ல க்யூக்கள், ஆனால் அவர் கை படாதவை. சிங்கப்பூர், மலேசியா வழியாக ஊருக்கு வந்திருக்கும் இரண்டு துண்டு க்யூ என்றால் நான் முதலில் நினைப்பது ஜப்பான் அல்லது தைவான் தயாரிப்பைத்தான். நிராசைப்படுத்தச் சொல்லவில்லை. 1970-களின் ஜப்பான் க்யூவைத் தேடி வாங்குபவர்களும் இருக்கிறார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை நான்கைந்து உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று (நகைக்கடையில் வைத்திருப்பது), காலிப்பர் ஒன்று, பகல் வெளிச்சம் போதும்.

கூர்முனையின் நுனியைப் பாருங்கள். பழைய முறையில் மேப்பிள் தண்டில் ஆங்கில வி வடிவத்தில் பள்ளம் அறுத்து, அதில் கருங்காலியோ ரோஸ்வுட்டோ பதிப்பார்கள். அதைச் சுற்றிச் சாயம் ஏற்றிய மெல்லிய வெனீர்த் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும். நுனி ஊசிபோல் முடியும். ஒவ்வொரு வண்ணக் கோடும் நுனியில் தனித்தனிக் கூராகச் சந்திக்கும். கம்ப்யூட்டர் மெஷினில் பள்ளம் குடைந்து பதித்திருந்தால், வெட்டும் பிட் வட்டமானது என்பதால் நுனி லேசாக உருண்டிருக்கும். 1975-க்கு முன் செய்ததாகச் சொல்லும் க்யூவில் உருண்ட நுனி இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. மூன்றாவது வகை, ஸ்டிக்கர். மேப்பிளின் இழை கூர்முனைக்குக் கீழேயும் தடையின்றி ஓடுவதும், வண்ணக் கோட்டில் அச்சுப் புள்ளிகள் இருப்பதும் லென்ஸில் தெரியும். உண்மையான முனையில் மேப்பிள் இழை கோட்டில் நின்றுவிடும், வேறு மரத்தின் இழை தொடங்கும்.

நான்கு முனைகளின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கைவேலையில் ஒரு மில்லிமீட்டர் முன்பின் இருப்பது இயல்பு. இந்த அளவு பின்னால் இன்னொரு வேலைக்கும் பயன்படும்.

அடுத்து ஜாயிண்ட் திருகு. பலபுஷ்கா பெரும்பாலும் போட்டது 5/16 அங்குலத் திருகு, அங்குலத்துக்கு 14 புரி, ஸ்டீல் காலர், ஷாஃப்ட் பக்கம் பைலட் என்ற சிறு முகப்பு. காலிப்பரில் திருகின் வெளிவிட்டம் 7.9 மி.மீ. வரவேண்டும், 25.4 மி.மீ. நீளத்தில் 14 புரி எண்ண வேண்டும். 18 புரி என்றால் மியூச்சி போன்ற கம்பெனிகள் போட்ட வகை. 9.5 மி.மீ. விட்டத்தில் 10 புரி என்றால் மெக்டெர்மாட் கம்பெனி பாணி. ஆனால் 14 புரி இருந்தாலே பலபுஷ்கா என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜாஸ், ஷோன் முதல் பலரும் அதையே போட்டார்கள். இந்தச் சோதனை ஒன்றை விலக்கும், உறுதி செய்யாது. இரண்டே சுற்றில் பூட்டும் குவிக் ரிலீஸ் ஜாயிண்ட் இருந்தால் அது பிற்காலச் சரக்கு.

கையெழுத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். முத்திரையை யார் வேண்டுமானாலும் செய்யலாம். வளையங்களில் ஷாஃப்டும் அடித்துண்டும் ஒரே வேலைப்பாட்டில் இருக்கின்றனவா என்று பார்ப்பது அதைவிடப் பயன் தரும். வளையம் பொருந்தாவிட்டால் ஷாஃப்ட் பின்னால் வந்தது. உள்கட்டமைப்பு தெரிய வேண்டுமானால் எக்ஸ்ரே ஒன்று எடுக்கலாம். நூல் சுற்றுக்கு மேலே உள்ள தண்டும் பிடியும் சேரும் இடத்தில் திருகு இருந்தால் அது அந்தப் படத்தில் தெளிவாக விழும். தெரிந்த வல்லுநர் எவருக்கும் அந்தப் படம் பத்துப் புகைப்படங்களுக்குச் சமம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே போன்ற கேள்வியில் க்யூ ஒரே துண்டாக, ஆஷ் (ash) மர இழையோடு, 9 அல்லது 10 மி.மீ. டிப்போடு, டிப்புக்குக் கீழே ஃபெரூல் என்ற பித்தளை வளையத்தோடு இருந்தால் அது ஆங்கில பில்லியர்ட்ஸ் அல்லது ஸ்னூக்கர் க்யூ. நம் நாட்டுக்கு அது அந்நியம் இல்லை. ஸ்னூக்கர் 1875 வாக்கில் ஜபல்பூரில் பிறந்து, 1882-ல் ஊட்டி கிளப்பில் விதி எழுதப்பட்ட ஆட்டம். அடியில் பரோஸ் அண்ட் வாட்ஸ், தர்ஸ்டன், ரைலி, ஆர்ம் போன்ற பெயர் உள்ள பேட்ஜ் பதித்திருக்கும். அந்த பேட்ஜைப் புளி போட்டுத் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். புளியின் அமிலம் ஓரத்து மரத்தைக் கறுப்பாக்கும், எழுத்தும் அழியும். இந்தக் கரையில் கொழும்புத் தொடர்புள்ள குடும்பங்களில் பூல் க்யூவைவிட இந்த வகை கிடைக்கத்தான் அதிக வாய்ப்பு. அதற்கும் தனிச் சந்தை இருக்கிறது.

முத்துச்சிப்பிப் பதிப்பு ஏதாவது விழுந்திருந்தால், ஊரிலேயே சங்கு கிடைக்கிறதே என்று சங்குத் துண்டை வெட்டிப் பதித்துவிடாதீர்கள். சங்கில் அந்த வானவில் மினுமினுப்பு கிடையாது, பீங்கான்போல் வெள்ளையாகவே நிற்கும். நம் மன்னார் வளைகுடா முத்துச்சிப்பியில் மினுப்பு உண்டு, ஆனால் ஓடு மெல்லியது. க்யூவில் பதிக்க எடுப்பது வெளிநாட்டுக் கடல்களின் பெரிய சிப்பி. விழுந்த துண்டைக் கண்டுபிடித்து ஒரு கவரில் போட்டு வைத்தால் அதுவே பெரிய காரியம்.

இப்போது கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. டிப்புக்குக் கீழே உள்ள வெள்ளை ஃபெரூல், அடிக் கவசம், பதிப்புகள் ஆகியவை பழைய உயர்ரக க்யூக்களில் யானைத் தந்தமாக இருக்கலாம். 1972 வனவிலங்குச் சட்டமும் அதன் பிந்தைய திருத்தங்களும் தந்த வியாபாரத்தை முழுக்கத் தடை செய்கின்றன, இறக்குமதியான ஆப்பிரிக்கத் தந்தம் உட்பட. சிறு துண்டு என்பதால் விலக்கு இல்லை. உரிமைச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருப்பதே சிக்கல், சான்றிதழ் இருந்தாலும் விற்க முடியாது. கடல் அட்டைக்கும் சிப்பிக்கும் வனத்துறைச் சோதனை நடக்கும் மாவட்டம் இது. பார்சலில் தந்தம் போனால் நிச்சயம் தப்பாது.

சோதிக்கச் சூடான ஊசியைக் குத்த வேண்டாம். கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் தந்தம் நீலங்கலந்த வெள்ளையாக ஒளிரும், பல பிளாஸ்டிக்குகள் அப்படி ஒளிராது. லென்ஸில் சின்னக் கரும்புள்ளிகளும் கீற்றுகளும் தெரிந்தால் எலும்பு. டிப் இல்லாத வெட்டு முகத்தில் ஒன்றையொன்று குறுக்கிடும் மெல்லிய வளைகோடுகள் தெரிந்தால் தந்தம். சந்தேகம் வந்தால், எங்கும் படம் போட்டு விலை கேட்கும் முன் வழக்கறிஞர் ஒருவரிடம் பேசிவிடுங்கள். அடித்தண்டு பிரேசில் ரோஸ்வுட் என்றால் அதுவும் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப் பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டுக்கு அனுப்பும் போது அது குறுக்கே வரும்.

"புரோ பிளேயர் கொடுத்தது" என்பதைப் பற்றி. க்யூ மேல் வில்லி ஹோப் என்று எழுதியிருந்தால் அது அவர் ஆடியது என்று பொருள் இல்லை, அவர் பெயரில் பிரன்ஸ்விக் கடைகடையாக விற்றது. மாஸ்கோனி பெயரிலும் மலிவு க்யூக்கள் ஏராளம். இன்றைய வீரர்கள் ஒப்பந்தம் செய்த கம்பெனியின் க்யூவால் ஆடுகிறார்கள், அமெரிக்க வீரர் ஷேன் வான் போனிங் கியூடெக் கம்பெனி க்யூவால் ஆடுவது போல. ஒப்பந்தம் மாறினால் க்யூவும் மாறும். ஆகவே ஒரு வீரர் தன் வாழ்நாளில் தொட்ட க்யூக்கள் பல. அவர் பெயருக்குப் பணம் வர வேண்டுமானால், இதே க்யூவை அவர் கையில் வைத்திருக்கும் படம் வேண்டும்.

"இதே க்யூ" என்பதை நிரூபிக்கலாம் என்பதுதான் நல்ல செய்தி. நான்கு முனைகளின் உயர வித்தியாசம் அளந்தீர்கள் அல்லவா, அதுவும் மேப்பிளில் உள்ள கரும் கீற்றுகளும், சர்க்கரைப் புள்ளி என்று சொல்லும் சிறு தழும்புகளும் இன்னொரு க்யூவில் அப்படியே அமையாது. பெரியவாப்பாவின் பழைய ஆல்பத்தில் க்யூவோடு ஒரு படம் இருந்தால் அதை 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து, அதே கோணத்தில் இப்போது ஒரு படம் எடுத்து, கீற்றுக்குக் கீற்று ஒப்பிடுங்கள். கடிதம், கடை ரசீது, க்யூ வந்த பெட்டி, டோர்னமெண்ட் அடையாள அட்டை எதையும் எறியாதீர்கள். பெட்டியைத் துடைக்கக்கூட வேண்டாம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் எந்த ஊர், எந்த கிளப், எந்த ஆண்டு என்று அவர்கள் சொல்வதைத் தேதி போட்டுப் பதிவு செய்யுங்கள். அது சாட்சியம் ஆகாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று காட்டும்.

ஆடலாமா? ஜாயிண்ட் உறுதியாக இருந்தால் ஆடலாம், ஆனால் பழைய ஷாஃப்டால் அல்ல. வளைவை இப்படி அளங்கள்: ஷாஃப்டை மட்டும் கண்ணாடி மேல் உருட்டி, நடுவில் வெளிச்சம் தெரியும் இடத்தில் ஜெராக்ஸ் தாளை நுழையுங்கள். ஒரு தாள் சுமார் 0.1 மி.மீ. ஐந்து தாளுக்குள் என்றால் பிழையில்லை. பதினைந்து போனால் அது ஆட்டத்துக்கு ஆகாது. இரண்டு துண்டும் தனியே நேராக இருந்து, பூட்டி உருட்டும்போது மட்டும் தள்ளாடினால், ஜாயிண்ட் முகத்தில் அழுக்கோ பழைய பசையோ இருக்கிறது. பல் குத்தும் குச்சியால் எடுத்தாலே சரியாகிவிடுவதுண்டு. ஆவி காட்டி நிமிர்த்துவது, எடை தொங்கவிடுவது இரண்டும் கொஞ்ச நாள் நேராக்கி மறுபடி வளைத்துவிடும், நடுவில் பசையையும் இளக்கும்.

சரியான வழி, திருகு, பைலட், காலர் விட்டம் மூன்றையும் கொடுத்து அதே அடித்துண்டுக்குப் புது ஷாஃப்ட் செய்துகொள்வது. பழைய ஷாஃப்ட் உறைக்குள் இருக்கட்டும். ஆட்டத்துக்கும் இது நல்லது. பக்கவாட்டில் அடிக்கும்போது வெள்ளைப் பந்து நினைத்த கோட்டை விட்டு விலகுவது ஷாஃப்டின் முன்பகுதி எடையால். பழைய கனமான ஃபெரூல் அதைக் கூட்டும். 1990-களில் வந்த லோ டிஃப்லெக்‌ஷன் ஷாஃப்டும் பிறகு வந்த கார்பன் ஷாஃப்டும் முன் எடையைக் குறைத்ததால்தான் வீரர்கள் பெரும்பாலும் அவற்றுக்கு மாறினார்கள். ஆட்டத் தொடக்கத்தில் பந்துக் கூட்டத்தைச் சிதறடிக்கும் அடியை, அதாவது பிரேக்கை, மட்டும் இந்த க்யூவால் அடிக்காதீர்கள். அதற்கு கிளப் க்யூ போதும். பழைய ஃபெரூலில் மயிரிழை விரிசல் விழுவது பெரும்பாலும் பிரேக்கில்தான்.

டிப் மாற்றுவது மதிப்பைக் குறைக்காது. ஆனால் ஃபெரூல் என்ன பொருள் என்று தெரிந்த பிறகு மாற்றுங்கள். பழைய டிப்பைப் பிளேடால் மேலிருந்து சிறிது சிறிதாகச் சீவுங்கள், பிடுங்க வேண்டாம். முகத்தைத் தட்டையாக்க ஒரு தட்டைப் பலகையில் 240 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, ஷாஃப்டைச் செங்குத்தாகப் பிடித்து நான்கைந்து சுற்று. ஜெல் வகை சூப்பர் குளூ ஒரு துளி, அழுத்தம் ஒரு நிமிடம், பிறகு ராத்திரி முழுக்க விடுங்கள். பக்கத்தில் மிஞ்சுவதைச் சீவும்போது ஃபெரூலைச் சுற்றி மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று இருக்கட்டும். டிப்பில் தடவும் நீலச் சுண்ணத்தால் (chalk) ஷாஃப்டில் படிந்த கறையை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் ஒரு முறை துடைக்கலாம். போகாததை விட்டுவிடுங்கள். கறை போகிறதே என்று உப்புத்தாள் தேய்த்து 13 மி.மீ. ஷாஃப்டை 12.4 ஆக்கிவிட்டால் வாங்குபவர் முதல் அளவிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

விலை பற்றி இப்போதே ஒரு தொகை சொல்வது உங்களை ஏமாற்றுவதாகும். உறுதியான பலபுஷ்கா பல ஆயிரம் டாலருக்குப் போகும். அதே தோற்றத்தில் உள்ள ஜப்பான் க்யூ அதில் சிறு பங்குக்குத்தான் போகும். இடையில் எங்கே நிற்கிறது என்பதை மேலே சொன்ன அளவுகள் சொல்லும். தந்தம் இல்லை என்று உறுதியானபின், வல்லுநருக்கு அனுப்ப இவை போதும்: பூட்டியும் கழற்றியும் முழுநீளப் படம், நான்கு முனைகளும் தனித்தனியாக, ஜாயிண்டின் இரண்டு முகமும், நூல் சுற்றின் இரண்டு ஓரமும், அடி ரப்பரும். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். மொத்த எடை, இரண்டு துண்டின் எடை, டிப் விட்டம், ஜாயிண்ட் விட்டம், புரி எண்ணிக்கை ஐந்தையும் கூடவே எழுதுங்கள். நேரில் பார்க்காமல் "நானே வாங்கிக்கொள்கிறேன், உடனே அனுப்புங்கள்" என்று சொல்பவருக்கு அனுப்ப வேண்டாம். இரண்டு பேரிடமாவது தனித்தனியாகக் கருத்துக் கேட்கும் வரை க்யூ உறைக்குள்ளேயே இருக்கட்டும்.